பிட்லாக்கர் ரெக்கவரி கீ காணோம்: கேளுங்க, சொல்றேன்

லேப்டாப் ஆன் பண்ணா நீல ஸ்க்ரீன்ல பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குதுன்னு நிறைய பேர் வந்திருக்கீங்க. லேப்டாப் சர்வீஸ்தான் என் வேலை, தெரிஞ்சத சொல்றேன். முதல்ல ஒண்ணு, யார் சொன்னாலும் பார்மட் போடாதீங்க.

கேள்வி: அக்கா, நான் பிட்லாக்கர்லாம் போடவே இல்லயே, எப்படி கேக்குது?

பதில்: நீங்க போடலப்பா, விண்டோஸே போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சு புது லேப்டாப் செட் பண்ணா பல மெஷின்ல என்க்ரிப்ஷன், அதாவது இந்தப் பூட்டு, தானா ஆன் ஆயிடும். டிஸ்க்க தொறக்குற சாவி டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப்புல இருக்கும், பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதல்ல ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட்டோ, அதுல இருக்கற செக்யூர் பூட் செட்டிங்க மாத்துறதோ மதர்போர்டு மாத்துறதோ நடந்தா சிப் சாவிய தராது, அப்பதான் ரெக்கவரி கீ கேக்கும். அது பெரும்பாலும் லேப்டாப்ப மொத மொத செட் பண்ணவங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். கடைக்காரரா, அண்ணன் பையனா, யார் அக்கவுண்ட் போட்டாங்கன்னு விசாரிங்க. ஸ்க்ரீன்ல கீ ஐடின்னு ஒரு அடையாளக் குறி காட்டும், அதோட முதல் 8 எழுத்து அக்கவுண்ட்ல இருக்கறதோட ஒத்துப் போகணும். பயாஸ்ல ஏதாவது மாத்திருந்தா பழையபடி வச்சுப் பாருங்க, சில நேரம் கீ கேக்காமயே தொறந்துடும்.

கேள்வி: என் ஜிமெயில், அவுட்லுக் எல்லாத்துலயும் பாத்துட்டேன் அக்கா, இல்ல. ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான்.

பதில்: காலேஜ் மெயில் போட்டு ஆபீஸ் இன்ஸ்டால் பண்ணீங்களா? அப்போ "உங்க டிவைஸ காலேஜ் மேனேஜ் பண்ணலாமா"ன்னு கேட்டதுக்கு ஓகே குடுத்திருந்தா கீ காலேஜ் அக்கவுண்ட்டுக்குப் போயிருக்கலாம். அந்த மெயில்ல லாகின் பண்ணி டிவைசஸ் பக்கத்துல பாருங்க, இல்லன்னா காலேஜ் கம்ப்யூட்டர் அட்மின்கிட்ட கீ ஐடி குடுத்து கேளுங்க. பார்மட் மட்டும் வேணாம்ப்பா.

கேள்வி: மேடம், நோட்டுல எழுதி வச்சேன். ஒரு இடத்துல 1ஆ 7ஆன்னு தெரியல, 316151ஆ 376151ஆ?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி சார் இது. 48 இலக்கமும் ஆறு ஆறா எட்டு கட்டு, ஒவ்வொரு கட்டும் 11ஆல மீதியில்லாம வகுபடணும். 316151ஐ வகுத்தா 28741, மீதி இல்ல. 376151 வகுபடாது. அதனால உங்களோடது 1தான். எந்தக் கட்டும் 720885க்கு மேல போகாது, அதையும் பாத்துக்கோங்க. எட்டு கட்டையும் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தா தப்பு எந்தக் கட்டுலன்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: கீ இல்லாம தொறக்க முடியுமா?

பதில்: பயாஸ பழையபடி வச்சும் தொறக்கலன்னா முடியாது.

கேள்வி: கடைல 5000 குடுத்தா க்ராக் பண்றோம்னு சொல்றாங்களே?

பதில்: அந்த 48 இலக்கத்துக்குள்ள இருக்கறது 128 பிட், எண்ணி முடிக்க முடியாத அளவு சேர்க்கை. எந்தக் கடையும் ஊகிச்சு கண்டுபிடிக்க முடியாது. பணத்த வாங்கிட்டு பார்மட் போட்டுத் தருவாங்க, டேட்டா போயிடும்.

கேள்வி: தப்பு மேடம். 2024ல ஒருத்தர் ராஸ்பெர்ரி பை பிக்கோங்கற சின்ன சர்க்யூட் போர்டு வச்சு 43 செகண்ட்ல சாவி எடுத்தாரே, வீடியோ இருக்கு.

பதில்: வீடியோ உண்மை. ஆனா என்ன நடக்குதுன்னு பாருங்க சார். டிபிஎம் தனி சிப்பா இருக்குற பழைய லேப்டாப், அந்த சிப் சாவிய ப்ராசசருக்கு அனுப்புற நேரத்துல வயர்ல ஒட்டுக்கேட்டாரு. உங்க மெஷின்ல சிப் சாவிய அனுப்பவே இல்ல, அதனாலதான நீல ஸ்க்ரீன். அனுப்பாதத எப்படி ஒட்டுக்கேக்குறது?

கேள்வி: அப்போ பிட்லாக்கரே பாதுகாப்பு இல்லன்னுதான அர்த்தம், ஆஃப் பண்ணிடலாமே?

பதில்: இத ஒத்துக்கவே மாட்டேன். பிட்லாக்கர் இல்லாத லேப்டாப் திருடு போனா டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலே உங்க ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மெண்ட், வீட்டு போட்டோ எல்லாம் அவன் கைல. அந்த பிக்கோ பயம் இருந்தா ஸ்டார்ட் ஆகும்போது பின் நம்பர் கேக்குற மாதிரி வைங்க, விண்டோஸ் ப்ரோ எடிஷன்ல முடியும். பல புது மெஷின்ல டிபிஎம் ப்ராசசருக்குள்ளயே இருக்கு, ஒட்டுக்கேக்க வெளில வயரே இல்ல.

கேள்வி: மேக்ல ஃபைல்வால்ட் (பிட்லாக்கர் மாதிரி பூட்டு) கீ போச்சு.

பதில்: மேக் நான் பாக்குறதில்ல. ஆப்பிள் சப்போர்ட்ல கேளுங்க.

கேள்வி: அக்கா ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா, கீ இல்லாம தொறக்க?

பதில்: மேலயே சொல்லிட்டேன், படிச்சுட்டு கேளுங்க. இல்ல, இல்ல, இல்ல.

கேள்வி: என் லேப்டாப் இப்ப நல்லா ஓடுது. முன்னாடியே என்ன பண்ணி வைக்கணும்?

பதில்: இன்னிக்கே ஸ்டார்ட் மெனுல மேனேஜ் பிட்லாக்கர்னு தேடி, பேக் அப் யுவர் ரெக்கவரி கீ குடுத்து ப்ரிண்ட் எடுங்க, லேப்டாப் பைலயே வைக்காதீங்க. ஹோம் எடிஷன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கீ இருக்கான்னு பாத்து எழுதி வைங்க. பயாஸ் அப்டேட் போடறதுக்கு முன்னாடி சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன் (பூட்ட தற்காலிகமா நிறுத்தற ஆப்ஷன்) குடுங்க, அப்டேட் முடிஞ்சதும் திரும்ப ஆன் ஆயிடுச்சான்னு பாருங்க.