"எந்த ஊருக்கும் வருவேன்" என்று டிக் அடிக்கிறாயே, அப்பாவிடம் கேட்டாயா?

கேள்வி: நான் இன்ஜினியரிங்கில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இறுதியாண்டு மாணவி. சங்கரன்கோவில் பக்கம் ஊர். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது அக்காவும் நானும்தான். கேம்பஸ் இன்டர்வியூ, வேலைவாய்ப்பு முகாம் எல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறேன், கம்பெனிக்காரர்களிடம் நேரில் பேசும்போது சொதப்பிவிடுகிறது. செல்ஃப் இன்ட்ரோ மனப்பாடம். கை குலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது எல்லாம் யூடியூப் பார்த்துப் பழகினேன். பிளேசரும் வாங்கினேன். எந்த ஊருக்கும் போகத் தயாரா என்று கேட்டால் எல்லோரையும் போல நானும் 'எஸ்' சொல்லி, ஃபார்மிலும் டிக் அடித்துவிடுவேன் (அப்பா மதுரை தாண்டி விடமாட்டார். அக்காவும் இப்படி டிக் அடித்துப் புனேயில் கிடைத்தபோது விடவில்லை. ஆஃபர் கைக்கு வந்துவிட்டால் எனக்குச் சம்மதிப்பார் என்று அம்மா சொல்கிறார்). போன முகாமில் ஸ்டாலில் இருந்தவர் "ஆர் யூ ஷ்யூர்?" என்று திரும்பக் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. ஆங்கிலம்தான் காரணம் என்கிறார்கள் தோழிகள். அடுத்த மாதம் திருநெல்வேலியில் பெரிய முகாம். பார்த்தவுடனே நல்ல அபிப்பிராயம் வரவைப்பது எப்படி?

பதில்: உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அடைப்புக்குறிக்குள் நீ போட்ட வரிகளை. பிளேசரைப் பற்றியும் கை குலுக்குவதைப் பற்றியும் விவரமாக எழுதிவிட்டு, வீட்டில் நடந்த இவ்வளவு பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டாயே, அம்மாடி!

அக்கா டிக் அடித்தாள். வேலை கிடைத்தது. அப்பா விடவில்லை. இதெல்லாம் உன் கண் முன்னால், உன் வீட்டில் நடந்தது. அதே கட்டத்தில் அதே டிக்கை நீயும் அடிக்கிறாய். பாவு நூல் அறுந்தால் உன் அப்பா தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். அறுந்தது தெரிந்தும் ஓட்ட மாட்டார். அவர் மகள் நீ, அறுந்த இடம் எது என்று தெரிந்தே ஓட்டிக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஸ்டாலில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். "ஆர் யூ ஷ்யூர்?" மூன்றே மூன்று சொல். எழுத்துத் தேர்வில் தேறுகிற பெண்ணுக்கு இது புரியாமல் போகாது. பதிலும் ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்? உனக்கு வாய் வராததற்குக் காரணம், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உன்னிடம் இல்லை. அது உன் அப்பாவிடம் இருக்கிறது, அவரிடம் நீ இன்னும் கேட்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் எத்தனையோ பிள்ளைகளிடம் இதையே கேட்கிறவர். பதில் சொல்லும் முன் கண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். இதே கேள்விக்கு, உன்னைவிட ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பெண் தட்டுத் தடுமாறி "எஸ் சார், வீட்டில் பேசிவிட்டேன்" என்று சொன்னால், அவள் பேச்சு எடுபடும்.

தோழிகள் சொன்னதை நம்பி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதே. ஆங்கிலம் பழகு, நல்லதுதான். ஆனால் இந்தக் கோளாறு அதனால் சரியாகாது.

எந்த ஊருக்கும் வருவாயா என்று ஏன் இப்படி அழுத்திக் கேட்கிறார்கள்? புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குக் கம்பெனிகள் பல மாதங்களுக்கு முன்பே ஆஃபர் கொடுக்கின்றன. அதை நம்பித்தான் பயிற்சிக்கு ஆள் கணக்குப் போடுகிறார்கள். சேரும் நாளில் ஆள் வராவிட்டால் அந்த இடம் காலி. ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே சேர்ந்தார்கள் என்று அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வரும் முன் பார்ப்பார்கள். அதற்கு உங்கள் பிளேஸ்மென்ட் ஆஃபீசர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஒரு வேலை கிடைத்தவர் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது என்று பல கல்லூரிகளில் விதி உண்டு. உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றால், போக முடியாத புனே வேலைக்காக உன் அக்கா, போயிருக்கக்கூடிய மதுரை வேலைகளையும் இழந்திருப்பாள்.

அந்த வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற ஒரு பெண்ணும் இருந்திருப்பாள். அன்று இரவே புனேவுக்குப் பஸ் ஏறச் சொன்னாலும் ஏறியிருக்கக்கூடியவள், பட்டியலில் பெயர் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். அக்காவுக்குக் கிடைத்தும் போக முடியவில்லையே என்று உங்கள் வீட்டில் வருத்தப்பட்டிருப்பீர்கள். இந்தப் பெண்ணைப் பற்றி யாராவது பேசினீர்களா? நான் பேசுகிறேன். 'எல்லோரும் அடிக்கிறார்கள், நானும் அடித்தேன்' என்று நீ சாதாரணமாக எழுதிய டிக், இன்னொரு வீட்டுச் சோற்றில் கை வைக்கிற விஷயம்.

இனி அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். ஆஃபர் வரட்டும், அப்புறம் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை மூலையில் நிறுத்தினால் அவருக்கு என்ன வழி இருக்கிறது? மனக்கசப்போடு தலையாட்டலாம், இல்லாவிட்டால் அக்காவுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்லலாம். சேரச் சொன்ன தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்கிற நெருக்கடியில் எந்தத் தகப்பனும் நிதானமாக யோசிக்க மாட்டார். கல்விக் கடன் வாங்கியிருக்கிறாயா? வாங்கியிருந்தால் பத்திரத்தை எடுத்துப் பார். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இணைக் கடனாளியாக அவர் கையெழுத்தும் இருக்கும். கடனுக்கு முதலிலேயே கூப்பிட்ட ஆளை வேலைக்குக் கடைசியில் கூப்பிடுவது என்ன நியாயம்? பெற்றவரிடம் உண்மையை நேரத்தோடு சொல்வது பிள்ளையின் கடமை. அம்மா சொன்னார் என்பதால் அந்தக் கடமை உன்னை விட்டுப் போகாது.

அப்பாவையும் நான் விடப்போவதில்லை. ஒரு பெண்ணை 4 வருடம் இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டு மதுரையில் கோடு போட்டு நிறுத்துவது சரியில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். படிக்க வைப்பது பாதி, அந்தப் படிப்புக்கேற்ற இடத்தில் பெண்ணைக் கொண்டு நிறுத்துவது மீதி. பாதியில் கையை எடுத்தால் கட்டிய ஃபீஸுக்கும் அர்த்தம் இல்லை.

ஆனால் அவர் ஏன் விடவில்லை என்று நீ ஒரு வரி கூட எழுதவில்லை. உனக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். புனே என்றால் எங்கே தங்குவாள், ராத்திரி ஷிஃப்ட் போட்டால் எப்படி வருவாள், உடம்புக்கு ஒன்று என்றால் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குள் ஒரு வரிசைக் கேள்விகள் இருந்திருக்கும். யாராவது உட்கார்ந்து அவருக்குப் பதில் சொன்னார்களா? பதில் கிடைக்காத பயம் 'வேண்டாம்' என்றுதான் வெளியே வரும்.

எனவே முகாமுக்கு முன் நீ செய்ய வேண்டியது இது. மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில் தறி ஓடாது. அன்றைக்கு அவரோடு உட்கார். அம்மாவைத் தூது விடாதே. அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள், அவளுக்கும் சொல்ல நிறைய இருக்கும். கையில் ஒரு நோட்டு வேண்டும். முகாமுக்கு வரும் கம்பெனிகளில் நீ பார்க்கப்போவது எவை, அவை எந்த ஊருக்கு ஆள் எடுக்கின்றன என்று எழுதி வை. சென்னை என்றால், சாயங்காலம் சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னைப் பக்கம் இறங்கிவிடலாம் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். தங்குவதற்கு, வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசே நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி போன்ற இடங்களில் இருக்கின்றன. மாத வாடகை எவ்வளவு, இடம் காலியாக இருக்கிறதா என்று நீயே விசாரித்து எழுது. சி.டி.சி. (உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று கம்பெனிகள் சொல்லும் தொகையைக் காட்டாதே. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்திருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு வரும், அதில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவாய் என்று எழுது. இரவுப் பணி உண்டா, உண்டென்றால் வீட்டு வாசல் வரை வண்டி தருகிறார்களா என்று கம்பெனியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் வந்த சட்டம் சொல்கிறது. அதையும் அவருக்குச் சொல். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி என்றால், அங்கே வேண்டாம் என்று நீயே முதலில் சொல்லிவிடு. உன் பேச்சில் அவருக்கு நம்பிக்கை வருவது அங்கேதான்.

அவர் சென்னை சரி, புனே வேண்டாம் என்று சொல்லலாம். அப்படியே ஃபார்மில் எழுது. மதுரைதான் என்று நின்றாலும், அன்றைக்கு அதையே எழுது. மதுரை இலந்தைகுளத்தில் ஹெச்.சி.எல். இருக்கிறது. உன் ஊருக்குப் பக்கத்திலேயே, தென்காசி மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் ஐ.டி. பூங்கா இருக்கிறது. வாய்ப்பு குறையும், நாள் பிடிக்கும். அதற்காக அப்பாவோடு பேச்சை விட்டுவிடாதே. முதல் நாள் மறுத்தவரிடம் பத்து நாள் கழித்து அதே நோட்டோடு மறுபடி உட்கார உனக்கு உரிமை உண்டு. பொய் டிக் அடிக்கத்தான் உரிமை இல்லை.

சரி, நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி வெயிலில் பிளேசர் வேண்டாம், இஸ்திரி போட்ட சுடிதார் போதும். அவர்கள் கை நீட்டினால் குலுக்கு, நீட்டாவிட்டால் வணக்கம் சொல்.

செல்ஃப் இன்ட்ரோவைத்தான் தூக்கிப் போடச் சொல்வேன். ஊர், அப்பா பெயர், அம்மா ஹோம்மேக்கர், என் பலம் கடின உழைப்பு என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவர்கள் காது புளித்திருக்கும். உன் ப்ராஜெக்ட்டில் நீ உன் கையால் செய்தது எது, எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகு. 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்கள் கல்லூரியிலும் ஏதாவது பயிற்சி நடந்திருக்கும், அதை ரெஸ்யூமில் ஒரு வரியாகப் போட்டிருப்பாய். அதில் என்ன கற்றாய் என்று கேட்டால் சொல்லத் தெரியுமா? தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடு.

முகாமில் கண்ட ஸ்டாலிலெல்லாம் ரெஸ்யூமைப் போட்டுவிட்டு வராதே. முன்கூட்டியே பட்டியலைப் பார்த்து ஐந்தாறு கம்பெனிகளை எடுத்துக்கொள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று படி, காலையில் முதல் ஆட்களில் ஒருத்தியாகப் போய் நில். மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்கும் களைப்பு, உனக்கும் களைப்பு. தோழிகள் கூட்டத்தோடு ஸ்டாலுக்குப் போகாதே. நான்கு பேர் சேர்ந்து நின்றால் நான்கு பேர் முகமும் அவருக்கு நினைவிருக்காது. கல்லூரியில் கம்பெனி அறிமுகக் கூட்டம் நடந்தால் முன் வரிசையில் உட்கார். ஸ்லைடில் காட்டிய சம்பளத்தையே எழுந்து கேட்காதே. புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் என்ன வேலை பார்ப்பார் என்று கேள். பேசியவர் பெயரையும், என்ன பேசினீர்கள் என்பதையும் அங்கேயே குறித்துக்கொண்டு, அன்றிரவே லிங்க்ட்இன்னில் இரண்டு வரி அனுப்பு. பேசிய விஷயம் அந்த வரியில் இருக்க வேண்டும், வெறும் நன்றி மட்டும் போதாது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாமுக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டாலில் யாராவது பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று பணம் கேட்டால் ரெஸ்யூமைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடு.

அடுத்த முறை "ஆர் யூ ஷ்யூர்?" என்று கேட்டால், அப்பா ஒத்துக்கொண்ட ஊர்களின் பெயரைச் சொல்லி, வீட்டில் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல். இலக்கணம் தவறினாலும் பரவாயில்லை.

முகாமுக்கு முன்னால் எனக்கு எழுது. அப்பா என்ன சொன்னார், எந்த இடத்தில் மறுத்தார் என்று விவரமாக எழுது, இந்த முறை அடைப்புக்குறி வேண்டாம். அவர் பிடிவாதமாக மறுத்தால், அவரையே எனக்கு எழுதச் சொல். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.