ஜனவரியில் பனிமலை ட்ரெக் போகிறோம், பனிச்சரிவுக்கு பீக்கன் வாங்கினால் போதுமா?

தொண்டியிலிருந்து நண்பர்களோடு உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போகப் போவதாகவும், யாரும் பனியையே பார்த்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஊர் மண்டபம். நேராகவே சொல்கிறேன், போதாது. பீக்கன் என்பது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி. நீங்கள் புதைந்துவிட்டால், கூட வந்தவருக்குத் தேடத் தெரிந்திருந்தால்தான் உங்கள் பீக்கனுக்கு மதிப்பு.

முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள், அரை மணி தாண்டினால் மூச்சு முட்டியே பலர் போய்விடுகிறார்கள், அதற்குள் மீட்புப் படை அந்த மலைக்கு எங்கே வந்து சேர? அதனால் ஆளுக்கொரு பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்க 240 செ.மீ.க்குக் குறையாத ப்ரோப் கம்பி, தோண்ட அலுமினிய ஷவல். சரிந்து நின்ற பனி இறுகிப் போயிருக்கும், பிளாஸ்டிக் ஷவல் உடைந்துவிடும்.

தேடிப் பழகப் பனி வேண்டியதில்லை. நாங்கள் இங்கே கடற்கரை மணலில்தான் பழகுகிறோம். ஒரு பீக்கனை சிக்னல் அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு (எவர்சில்வர் வேண்டாம், சிக்னல் கெடும்) முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டு, புதைத்த இடத்தைப் பார்க்காதவர் தன் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றித் தேட வேண்டும். அதன் திரையில் தூரத்தைக் காட்டும் எண் குறையக் குறைய நெருங்குகிறீர்கள் என்று அர்த்தம். அம்பு நேராகக் கூட்டிப் போகாது, வளைத்துத்தான் கூட்டிப் போகும், பதறாமல் பின்னாலேயே போங்கள். 3 மீட்டர் வந்ததும் குனிந்து, பீக்கனைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, அதைத் திருப்பாமல் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துங்கள். எண் எங்கே மிகக் குறைவோ அங்கிருந்து ப்ரோப்பால் குத்தத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி 3 மீட்டரில்தான் அவசரப்பட்டு நேரத்தைத் தொலைக்கிறார்கள். கைபேசி அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மலையில் ப்ரோப் ஆள்மேல் தட்டினால் பிடுங்காதீர்கள், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று தோண்டுங்கள்.

சரி, இதெல்லாம் மாட்டிய பிறகு. மாட்டாமல் இருக்க, 30 முதல் 45 டிகிரி சரிவுகளை விட்டு விலகுங்கள், அப்படிப்பட்ட சரிவு தலைக்கு மேலே இருந்தாலும் ஆபத்துதான். உயிர் போகிற விபத்துகளில் பெரும்பாலும் பனியை உடைத்துவிடுவது சிக்கியவரோ அவர் குழுவினரோதான். புதுப்பனி கனமாகப் பெய்த மறுநாளும், காற்று பனியை வாரிக் குவித்த பக்கமும் மோசம். பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உலக அளவில் புழங்கும் ஆபத்து அளவுகோல் 5 வரை போகும், 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடாதீர்கள். பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றினால் 11 வரை இருக்கிறதே என்று யாராவது படகை எடுப்பார்களா?

பயிற்சி பெற்றவர்களையும் பனி விட்டதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா மலையில் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு சிக்கி 27 பேர் இறந்தார்கள். இருந்தாலும் முறையாகக் கற்க அந்த நிறுவனமும் டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனமும்தான் நல்ல இடம், அடிப்படைப் பயிற்சிக்கே கிட்டத்தட்ட 4 வாரம் ஒதுக்க வேண்டும்.

ஜனவரிக்குள் அது முடியாது. அதனால் கூட்டிப் போகிறவர்களிடம் இப்போதே கேளுங்கள்: வழிகாட்டிகளிடம் பீக்கன் உண்டா, எங்களுக்கும் தருவீர்களா, தேடப் பழக்குவீர்களா, பனி மோசமானால் திரும்பலாம் என்று யார் முடிவெடுப்பார்? பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.