நாலு எழுத்தைக் கொடுத்து இருபது சொல் கேட்டால்

திருக்கோவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகள் தரம் 8 படிக்கிறா. ஏ, ஈ, ஆர், ரீ (A, E, R, T) ஆகிய நாலு எழுத்தும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இருபது எழுதிவரச் சொல்லி ரீச்சர் விட்டிருக்கிறா. டிக்சனரியை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறோம். ஏ முடியவே ரெண்டு நாள் போய்விட்டது. அக்கரைப்பற்றில் ஒரு கடையில் 1500 ரூபா தந்தால் ஃபோனில் இதற்கு சொஃப்ட்வெயார் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள், தங்கச்சி. காசு கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ரீச்சர் கேட்டது எது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் இதில் மூன்று விதமான கேள்வி உண்டு. கல்யாண வீட்டுக்கு ஆள் சொல்வதைப் போல நினையுங்கள். அந்த நாலு பேரும் கட்டாயம் வரவேண்டும், கூட ஊரே வந்தாலும் பரவாயில்லை என்பது ஒன்று. அந்த நாலு பேரைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்பது இன்னொன்று. நாலு பேரும் கைகோத்து, சொன்ன வரிசையிலேயே வரவேண்டும் என்பது மூன்றாவது. உங்கள் ரீச்சர் கேட்டது முதலாவது என்றுதான் தெரிகிறது. இரண்டாவதாக இருந்தால் இருபது தேறாது. நாலையும் பாவித்து ரேட், கண்ணீர் என்ற பொருளில் வரும் ரியர் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் கிடைக்கும்.

இனி டிக்சனரியை மூடி வையுங்கள். அது முதல் எழுத்தை வைத்து அடுக்கிய புத்தகம், நாம் தேடுவதோ உள்ளே கிடக்கும் எழுத்து. சொல்லின் வாலைப் பிடியுங்கள். ரீ-யூ-ஆர்-ஈ என்று முடியும் சொற்களில் மூன்று எழுத்து ஏற்கனவே கையில் இருக்கிறது. முன்னுக்கு ஒரு ஏ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நேச்சர், ஃபீச்சர், அட்வென்ச்சர், டெம்பரேச்சர், லிட்டரேச்சர், உங்கள் பக்கத்து வயல்களுக்குரிய அக்ரிகல்ச்சர். பிக்சரும் ஃபியூச்சரும் அதே வால்தான், ஆனால் ஏ இல்லை, தள்ளிவிடுங்கள். ஏ-ரீ-ஈ என்று முடிகிறவற்றில் தேட வேண்டியது ஆர் மட்டும்: கிரியேட், ஒப்பரேட், டெக்கரேட், செலிபிரேட், செப்பரேட். எடியூகேட்டில் ஆர் இல்லை. ரீ-ஈ-ஆர் என்று முடிகிறவற்றில் மறுபடி ஏ: தண்ணீருக்கான வோட்டர், ஆஃப்டர், லேட்டர், மாஸ்டர், சப்டர், குவாட்டர். இதோடு பதினேழு. மிச்சம் மூன்றும் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கின்றன: ஃபாதர், மகளுக்கான டோட்டர், ரீச்சர். மதர் சேராது, அதில் ஏ இல்லை. கோபிக்க வேண்டாம்.

ஃபோனில்தான் பார்க்க வேண்டும் என்றால் பிரவுசரில் 'வேர்ட் ஃபைண்டர்' என்று தேடுங்கள், இலவசமாகவே நிறைய வரும். ஆனால் மேலே தெரியும் பெரிய பெட்டி பல இடங்களில் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் தரும். கையில் உள்ள எழுத்துகளை வைத்துச் சொல் கோக்கும் ஸ்கிரபிள் விளையாட்டு ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. நாலு எழுத்தையும் போட்டுப் பாருங்கள். நேச்சரும் வோட்டரும் வந்தால் சரியான பெட்டி. ரேட், ரியர் அளவில் நின்றால் அது உங்களுக்கு உரியதல்ல. ஒன்றுமே வராவிட்டால் அது வரிசைப்படி தேடுகிறது.

ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால்தான் பெரிய தலையிடி. அடுத்த கிழமை ரீச்சர் ஈ, ஈ, ஆர், ரீ என்று கொடுக்கிறா என்று வைப்போம். லெட்டர் சரி, ஸ்ட்ரீட் சரி, இரண்டிலும் இரண்டு ஈ உண்டு. வோட்டர் பிழை, அதில் ஒன்றுதான். சில தளங்கள் இரண்டாவது ஈயைக் கணக்கெடுக்காமல் வோட்டரையும் தூக்கிக் கொடுத்துவிடும். பிள்ளையும் அப்படியே எழுதிக்கொண்டு போகும், சிவப்புப் பேனையால் வெட்டு விழும். அதனால் கொடுத்த எழுத்துகளைத் துண்டில் எழுதி, சொல்லைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பென்சிலால் வெட்டச் சொல்லுங்கள். வெட்டாமல் ஒன்று மிஞ்சினால் சொல் சரியில்லை. 'வேறு யாரும் வரக்கூடாது' என்ற கேள்வியில் இது தலைகீழ்: ஏ, ஈ, ஆர், ரீயை வைத்து விருந்துக்கான ட்ரீட் எழுத முடியாது, அதற்கு இரண்டு ரீ வேண்டும். பிள்ளைகள் மட்டுமல்ல, வினாத்தாள் போடுகிறவர்களே இதில் வழுக்கி விழுந்ததைக் கண்டிருக்கிறேன்.

இப்போது அந்த 1500 ரூபா. கடைக்காரர் போட்டுத் தருவது அநேகமாக யாரும் சும்மா இறக்கிக்கொள்ளக் கூடிய ஒரு செயலிதான். சொல் தேடும் செயலிக்கு உங்கள் ஃபோனில் உள்ள இலக்கங்களும் எஸ்.எம்.எஸ்ஸும் எதற்கு? அனுமதி கேட்டால் அழித்துவிடுங்கள். 'தினமும் ஒரு ஆங்கிலச் சொல்' என்று வரும் செய்திக்கு ஓகே அழுத்தினால் ரீலோட் காசு நாளுக்கு நாள் கரையும். ரியூசன் வாசலில் விற்கும் ஃபோட்டோகொப்பிப் புத்தகமும் அப்படித்தான். நானும் ஒருகாலம் ஒன்று வாங்கினேன். பாதிச் சொல் எந்த டிக்சனரியிலும் இல்லை, மீதி எழுத்துப்பிழை.

ரீச்சரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கில தினம் நெருங்கினால் மேலிருந்து 'செயற்பாடு' கேட்பார்கள், கீழே பிள்ளையின் தலையில் விழும். எப்படித் தேடுவது என்று ஒரு பாடவேளை சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பள்ளிக்கூட நூலகத்து அலுமாரியில் நல்ல டிக்சனரி இருக்கும், திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளை ஆள் காட்டுவார்கள்.

கடைக்காரருக்கு முற்பணம் ஏதும் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். அதற்கு முன் மகளிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ரீச்சர் 'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்றாவா, 'இந்த எழுத்துகளால் ஆன சொல்' என்றாவா?