கத்தரிச் செடியில் பொறிவண்டு: விடலாமா, பிடிக்கலாமா?

கேள்வி: மாடித் தோட்டத்துக் கத்தரியில் செம்பழுப்பு நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு பொறிவண்டுகள் நிறைய வந்திருக்கின்றன. பொறிவண்டு நன்மை செய்யும் பூச்சி என்று படித்ததால் விட்டுவைத்தேன். இலையெல்லாம் சல்லடையாகிக்கொண்டே வருகிறது. இது எந்த வகை, எங்கிருந்து வருகிறது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவைத்தது போதும், பிடியுங்கள். நீங்கள் சொல்வது எபிலாக்னா வண்டு. முழுப்பெயர் ஹெனோசெபிலாக்னா விஜின்டியாக்டோபங்டேட்டா, 1775-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் விவரித்த இனம். பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் சுத்த சைவம். செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பக்கம் போகாது, இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

அந்த லத்தீன் பெயருக்கு ‘28 புள்ளி உள்ளது’ என்று பொருள், அதற்காகப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், பல வண்டுகளில் குறைவாகவே இருக்கும். பளபளப்பைப் பாருங்கள். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல மின்னும், இதன் முதுகில் மெல்லிய முடி இருப்பதால் மங்கலாகத் தெரியும். புழுவில் குழப்பமே வராது: இதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்கள், ஒரே இலையில் மந்தமாகக் கிடக்கும், நல்ல பொறிவண்டின் புழு பெரும்பாலும் கருநிறம், நீளக் காலோடு விறுவிறுவென்று ஓடும். முட்டையில்தான் சிக்கல், இரண்டுமே இலைக்கு அடியில் மஞ்சளாகக் கூட்டம் கூட்டமாக வைக்கும், அதனால் அசுவினி மொய்க்கும் இலையில் இருக்கும் முட்டையை அவசரப்பட்டு நசுக்க வேண்டாம்.

எங்கிருந்து என்றால், வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி எல்லாம் இல்லை, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. கத்தரி, உருளை, தக்காளி இருக்கும் இடமெல்லாம் இதற்கு வீடு. தோட்டத்தில் கத்தரி இல்லாத மாதங்களில் வேலியோர ஊமத்தை, மணத்தக்காளி, சுண்டையில் காலம் தள்ளும், பாகற்கொடியையும் விடாது. உங்கள் மாடிக்குப் பறந்தே வந்திருக்கும்.

மாடியில் நாலைந்து தொட்டிக்கு மருந்தெல்லாம் தேவையில்லை. காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது செடியைத் தட்டி, சோப்புத் தண்ணீர் உள்ள தட்டில் விழவையுங்கள். கையில் மஞ்சளாக ஒரு நீர் கசிந்தால் பயப்படாதீர்கள், அது அதன் தற்காப்பு. அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசலை இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். தெளிக்கும் முன் பழுப்பாக இறுகிச் செத்துக் கிடக்கும் புழுக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைப் பறித்து எறியாமல் ஓரமாக வையுங்கள், உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம், அது வெளியே வந்தால் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.