தலசீமியா ட்ரெய்ட் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அத்தை பெண்ணைக் கல்யாணம் செய்யலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: வயது 27, பர்கூர் பக்கம். கம்பெனி மெடிக்கலில் ஹீமோகுளோபின் 11.4 என்று வந்தது. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. பிறகு எடுத்த டெஸ்டில் 'பீட்டா தலசீமியா ட்ரெய்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் கோளாறை நோயில்லாமல் சுமப்பவர் என்று. தை மாதம் அத்தை பெண்ணோடு நிச்சயம். கட்டலாமா, அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

கட்டலாமா என்பதற்குப் பதில் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை, அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் நிச்சயத்துக்கு முன்னால்.

நான் டாக்டர் இல்லை. காரிமங்கலம் பக்கத்து ஊர்க்காரன். எனக்கும் இதே ட்ரெய்ட்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டது என் அக்கா மகனால்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அம்மாவின் கடைசித் தம்பிக்கு. நம் பக்கம் தாய்மாமன் இருக்கும்போது வெளியில் பெண் கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். முதலில் பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. அடுத்தது பையன். எட்டாவது மாதத்தில் முகம் வெளுக்க ஆரம்பித்தது. பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவான். கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. சோகை என்றார்கள். டானிக் கொடுத்தோம், கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தோம், தாயத்து கட்டினோம். நாலு மாதம் அப்படியே போய்விட்டது. கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 4.1. தலசீமியா மேஜர், அந்தக் கோளாறின் கடுமையான வகை.

அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று எப்படி வந்தது என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் பட்டுவிட்டது என்று அவளை நம்பவைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். உண்மையில் பிறக்கும்போதே இருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு, அதற்கு பீட்டா சங்கிலி என்ற புரதப் பகுதி தேவையில்லை. பிறந்து ஆறு மாதத்துக்குள் அது குறைந்து, பெரியவர்களுக்கு இருக்கும் வகை அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அவன் உடம்பால் அதைச் செய்ய முடியவில்லை.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்துகொண்டே போகும். அது இதயத்திலும் கல்லீரலிலும் படியாமல் வெளியேற்ற தினமும் மாத்திரை. மாரியம்மன் பண்டிகை, பரீட்சை, ஒகேனக்கல் போவது எல்லாம் அந்தத் தேதியைப் பார்த்துத்தான். எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகும், வேலூரில் 1986-லிருந்தே செய்கிறார்கள். ஆனால் கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். பெரியவள் பொருந்தவில்லை.

அவனுக்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுத்தோம். அக்காவுக்கு ட்ரெய்ட், மாமாவுக்கு ட்ரெய்ட், அம்மாவுக்கு, எனக்கு. மாமாவும் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பாட்டி தாத்தாவில் யாரோ ஒருவரிடமிருந்து வந்தது இரண்டு வழியாக இறங்கி, அந்தப் பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது.

உங்களுக்கு இருப்பது என்ன என்றால், பீட்டா சங்கிலியைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு வரும். உங்களுக்கு அதில் ஒன்றில் கோளாறு. இன்னொன்று சரியாக வேலை செய்வதால் ஆயுசுக்கும் அது போதும். கொஞ்சம் வெளுப்பு, சின்னச் சின்னச் சிவப்பணுக்கள், அவ்வளவுதான். இது முற்றி மேஜர் ஆகாது, தொற்றாது, வேலைக்கும் தடை இல்லை. நம் நாட்டில் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இருக்கிறது. இந்த ட்ரெய்ட் உள்ளவர்கள் ஒரு காலத்தில் மலேரியாவுக்கு ஓரளவு தாக்குப்பிடித்தார்கள், அதனால்தான் இத்தனை தலைமுறை கடந்து வந்திருக்கிறது. எந்தச் சாமியும் கொடுத்த சாபமில்லை.

இரும்பு மாத்திரையை இனி டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு) பார்த்து, நிஜமாகவே இரும்பு குறைந்திருந்தால்தான் அது தேவை.

இனி பிள்ளைகள் விஷயம். ஒருவருக்கு மட்டும் ட்ரெய்ட் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் ட்ரெய்ட் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, மேஜர் வராது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜருக்கு நாலில் ஒன்று, ட்ரெய்ட்டுக்கு நாலில் இரண்டு, எதுவும் இல்லாமல் பிறக்க நாலில் ஒன்று. 'ஒவ்வொரு கர்ப்பத்திலும்' என்பதை அழுத்திப் படியுங்கள். ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அக்காவிடம் ஒருவர் ஆறுதல் சொன்னார். தாயக்கட்டைக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று தெரியுமா? இதுவும் அப்படித்தான்.

உங்கள் அத்தை பெண்ணைப் பொறுத்தவரை முதலில் உங்கள் அப்பாவுக்கு டெஸ்ட் எடுங்கள். அவரிடமிருந்து வந்திருந்தால் அத்தைக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அத்தை மகளுக்கு நாலில் ஒன்று. வெளியில் பார்க்கும் பெண்ணுக்கு நூறில் மூன்று நான்கு, சொந்தத்தில் நூறில் இருபத்தைந்து. அம்மா வழியில் வந்திருந்தால் இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும், அப்போதும் பெண்ணுக்கு டெஸ்டைத் தவிர்க்க முடியாது.

எடுக்க வேண்டியது இரண்டு: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. முதலாவதில் எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே, எம்.சி.எச் (ஒரு சிவப்பணுவில் சராசரியாக இருக்கும் ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். இரண்டாவதில் எச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ட்ரெய்ட்தான். இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஏ2 இறங்கிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் முடிவை நம்ப முடியாது. எல்லையில் வந்தால் மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) திட்டத்தில் மலைக்கிராமங்களில் நாற்பது வயது வரை உள்ளவர்களுக்கு ரத்தம் பார்க்கிறார்கள். சிக்கிள் இல்லை என்று ஒரு கார்டு இருந்தால் தலசீமியாவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கிளுக்கு முதலில் செய்யும் கரைதிறன் சோதனையில் பீட்டா தலசீமியா தெரியாது. அதேபோல அந்தப் பெண்ணுக்கு தலசீமியா இல்லாமல் சிக்கிள் அல்லது எச்பி ஈ என்ற இன்னொரு ஹீமோகுளோபின் மாற்றம் இருந்தாலும் உங்களோடு சேரும்போது பிள்ளைக்கு நோயாக வரலாம். எச்.பி.எல்.சி-யில் இவையும் தெரியும்.

எப்படிச் சொல்வது என்ற இடத்தில்தான் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அங்கேதான் நின்றேன். எனக்குப் பேசி வைத்திருந்தது பெரிய மாமா மகளை. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறேன் என்றதும் அம்மா அழுதார்கள். "பொட்டப்புள்ள ரத்தத்த டெஸ்ட் பண்ணச் சொன்னா நாளைக்கு அவள எவன்டா கட்டுவான்?" அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் நான் பெண்ணின் ரத்தத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. என் ரிப்போர்ட்டை எடுத்துப்போய் மாமா முன்னால் வைத்து, "எனக்கு இது இருக்குது மாமா, தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். அவர் பேசவில்லை. உள்ளேயிருந்து அவள்தான் வந்தாள். "எப்பப் போலாம் மாமா?" என்று கேட்டாள்.

ரிப்போர்ட் வந்ததும் போன் செய்ததும் அவள்தான். ஏ2 5.2.

கல்யாணம் நின்றது. அத்தை இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இருவருக்கும் ட்ரெய்ட் என்றால் கட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கருவுற்ற பத்திலிருந்து பதின்மூன்று வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து, அல்லது பதினாறாவது வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்து, குழந்தைக்கு மேஜரா என்று பார்க்க முடியும். கருவின் பாலினத்தைக் கண்டுபிடிக்கத் தடை போடும் சட்டமே இந்தப் பரிசோதனையை அனுமதிக்கிறது. மேஜர் என்று தெரிந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது பெண்ணின் முடிவு, அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த முடிவை ஒவ்வொரு முறையும் சுமக்கத் தெம்பு இருக்கிறதா என்று இரண்டு பேரும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். எங்களுக்கு இல்லை. வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவள் இப்போது திருப்பத்தூரில் இருக்கிறாள், கணவருக்கு ட்ரெய்ட் இல்லை, இரண்டு பிள்ளைகள். நான் ஊத்தங்கரையில் பெண் எடுத்தேன். முதல் பேச்சிலேயே ரிப்போர்ட்டைக் காட்டினேன், அவர்களும் எடுத்தார்கள், சரியாக இருந்தது. எங்கள் மகளுக்கு ட்ரெய்ட் இருக்கிறது. பெரியவளானதும் அவளிடமே சொல்வோம்.

தை வர நாள் இருக்கிறது. இந்த வாரமே அப்பாவை அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வையுங்கள். அத்தை வீட்டுக்கு உங்கள் ரிப்போர்ட்டோடு நீங்களே போங்கள், யாரையும் தூது அனுப்பாதீர்கள். அந்தப் பெண்ணும் கூட உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். அவள் ரிப்போர்ட் வரும்வரை பத்திரிகை அடிக்கவும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் வேண்டாம் என்று மட்டும் வீட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள்.