மூன்று குரலில் ஒரு கோரஸ்

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டில் வரும் கோரஸை (கூட்டுக்குரலை)ப் பாடியது மூன்றே பேராமே! எங்கள் பேண்டிலும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: செய்யலாம். 1975இல் அவர்களிடம் இருந்தது 24 டிராக் டேப், அதாவது 24 ஒலிகளைத் தனித்தனியே பதியும் காந்த நாடா. மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் பாடி நிரப்பிய டிராக்குகளை ஒன்றாகக் கலந்து சுருக்கி, காலியான இடத்தில் மறுபடி பாடினார்கள். ஓடி ஓடி நாடாவின் பூச்சே தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவியது.

கணினியில் அந்தத் தேய்மானம் இல்லை, சிக்கல் வேறு. ‘ச’, ‘ட’ ஒலிகள் முன்பின் விழுந்தால் கோரஸ் சடசடக்கும். மெய்யெழுத்தை ஒருவர் மட்டும் அழுத்தட்டும். வரிக்கு ஆளுக்கு 3 டேக் (புதிதாகப் பாடிய பதிவு), ஆக 9 குரல். அவற்றை இடது, வலது ஸ்பீக்கர்களுக்கிடையே பரப்புங்கள். ஒரே டேக்கை நகலெடுத்தால் சத்தம்தான் கூடும், கூட்டம் சேராது. மின்விசிறியை நிறுத்துங்கள்; ஒன்பது டேக்கிலும் அதன் இரைச்சல் ஏறும். சென்னை வெயிலில் கொடுமைதான்!