ஒரே நொதியம், வேறு வேறு பரம்பரையலகுகள் எப்படி?
வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி, ஜிசிஎன்5 என்ற நொதியம் மதுவத்திலும் (ஈஸ்ட்) மனிதரிலும் இருக்கிறதென்றால் அது இயக்கும் பரம்பரையலகுகள் மட்டும் ஏன் வேறு என்று கேட்டிருந்தீர்கள். நொதியத்தின் வேலை எங்கும் ஒன்றுதான்: டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் வாலிலுள்ள லைசின் என்ற அமினோவமிலத்தில் அசற்றைல் கூட்டத்தைச் சேர்க்கும், நேரேற்றம் போய்விடும், டிஎன்ஏ மீதான பிடி தளரும், அப்புறம் அசற்றைல் சேர்ந்த லைசினை அடையாளம் காணும் புரோமோடொமைன் என்ற பகுதி உள்ள புரதங்கள் வந்து ஒட்டும். ஆனால் எங்கே போவது என்பது அதன் கையில் இல்லை. மதுவத்தில் அமினோவமிலம் குறைந்தால் ஜிசிஎன்4 என்ற புரதம்தான் அதை, அது அங்கம் வகிக்கும் சாகா என்ற புரதத் தொகுதியோடு இழுத்துவரும், மனிதரில் அழைக்கும் புரதங்கள் வேறு. 1996இல் டேவிட் அல்லிஸ் குழு டெட்ராஹைமினா என்ற ஒருகல உயிரியில் பிரித்தெடுத்த நொதியம் மதுவத்தின் ஜிசிஎன்5ஐ ஒத்திருந்தது, இதை விடையில் கட்டாயம் எழுதுங்கள். மனிதரில் இதே வேலை செய்யும் பி300 என்ற இன்னொரு நொதியத்தை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், சரியா? அது மதுவத்தில் இல்லை.